ஆடி மாதத்துப் பிரசாதமும் ஓர் ஆபரேஷனும்

ஓய்வு பெற்றும் ஆஸ்பத்திரி என்னை விட்டபாடில்லை. போன மாதம், புதிதாகச் சேர்ந்த டயட்டீஷியன் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. உடம்பு குறைக்கும் ஆபரேஷன் பிரிவில் பத்தியம் சொல்லியே தலை நரைத்தவள் இவ்வளவு குண்டாகவா இருப்பாள் என்று கேட்கிற பார்வை. ஆமாம், நான் குண்டுதான். நோயாளிகள் முதலில் என் இடுப்பைப் பார்ப்பார்கள், பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்கள். அதில் எனக்கு ஒரு லாபமும் உண்டு. ஒல்லியானவர்களிடம் சொல்லக் கூசுவதையெல்லாம் என்னிடம் கொட்டிவிடுவார்கள்.

வகுப்பு முடியும் நேரத்தில் அந்தப் பெண்தான் கேட்டாள்.

"மேடம், இப்பதான் உடம்பு குறைய ஊசி வந்தாச்சே. பசியே எடுக்காதாமே. இனி ஆபரேஷனுக்கு ஆள் வருமா? நமக்கு வேலை இருக்குமா?"

"ஊசியோ கத்தியோ, யாருக்கு எது வேணும்னு டாக்டர் சொல்லட்டும். அந்த மனுஷன் காலையில எந்திரிச்சதுல இருந்து என்ன செய்றான்னு கேக்கத் தெரிஞ்சவளுக்கு வேலை போகாது" என்றேன்.

"என்ன சாப்பிடறாங்கன்னுதானே கேக்கணும்?" என்றாள்.

இல்லையம்மா என்று சொல்லிவிட்டு வெங்கிடி சுவாமியின் கதையை ஆரம்பித்தேன். பாதியில் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த வகுப்புக்காரர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதியை எழுதித்தான் தீர வேண்டும் போலிருக்கிறது.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பூர்வீகம் திருநெல்வேலி. அப்பா மலையாள தேசத்துக்குக் குடிவந்து, இந்த ஊர்ச் சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம் செய்தார். நான் மனையியல் படித்துவிட்டு ஆஸ்பத்திரிச் சமையலறையில் உப்பில்லாக் கஞ்சிக்கும் சர்க்கரையில்லாக் காப்பிக்கும் மேற்பார்வை பார்க்கிற வேலையில் சேர்ந்தேன். பல வருடம் அதிலேயே போயிற்று. பிறகு எடை குறைப்பு ஆபரேஷனுக்கென்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதற்குத் தலைவராக வந்த சர்ஜனைத்தான் நாங்கள் எல்லோரும் சீஃப் என்று கூப்பிட்டோம். கோட்டயம் பக்கத்து மனிதர். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் சீஃப் என்றே இருக்கட்டும். என்னிடம் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார்.

அவர் வந்த முதல் வாரத்தில் நடந்ததை என்னால் மறக்க முடியாது. எங்கள் வார்டில் இருந்த எடை மெஷின் ஓரளவுக்கு மேல் காட்டாது. அதைவிடக் கனமானவர்கள் வந்தால், கீழே ஸ்டோரில் அரிசி மூட்டை நிறுக்கிற தராசுக்கு அனுப்புவது வழக்கம். யாரும் அதைத் தப்பாகவே நினைக்கவில்லை. அன்று ஒரு டீச்சரம்மா அந்தத் தராசில் ஏறி நின்றார். மூட்டை இறக்க வந்த இரண்டு பேர் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஸ்டோர்காரர் எடையை உரக்கப் படித்தார். அந்தப் பக்கமாக சீஃப் வந்தார். டீச்சரம்மா இறங்கக் கை கொடுத்தார், அவரை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டார், திரும்பி வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும்.

"நாளை முதல் இவிடே ஒரு மனுஷனும் வரக்கூடாது, கேட்டோ" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

புது மெஷின் வருகிற வரை அவர் புதிய நோயாளி யாரையும் பார்க்க மறுத்துவிட்டார். நிர்வாகம் அலறிக்கொண்டு வாங்கிக் கொடுத்தது. அந்த மெஷினுக்கென்று கதவுள்ள ஒரு சின்ன அறை ஒதுக்கினோம். அங்கே நோயாளியும் நானும் மட்டும்தான். எண்ணை வாயால் சொல்லக் கூடாது, எழுதத்தான் வேண்டும். சட்டம் போட்ட மனிதரே ஒருநாள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. முதல் தடவை வருகிற யாரிடமும் எத்தனை கிலோ குறைய வேண்டும் என்று கேட்கமாட்டார். "உடம்பு குறைஞ்சா என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்பார். கழக்கூட்டத்து ஐ.டி. பையன் ஒருவன், விமானத்தில் பெல்ட்டுக்கு இணைப்புப் பட்டை கேட்காமல் உட்கார வேண்டும் என்றான். ஓர் அம்மா, தன் கால் நகத்தைத் தானே வெட்ட வேண்டும் என்றார். ஒரு கணவனும் மனைவியும் ஒரே ஆட்டோவில் சேர்ந்து போக வேண்டும் என்றார்கள். எல்லாவற்றையும் அவர் நினைவில் வைத்திருப்பார். மாதங்கள் கழித்து அவர்கள் வரும்போது, "நகம் வெட்டியாச்சோ?" என்றுதான் முதலில் கேட்பார்.

வெங்கிடி சுவாமி வந்தது ஒரு சித்திரை விஷு முடிந்த வாரம். வெங்கிடாசலம் என்று சீட்டில் இருந்தது. இந்த ஊரில் தமிழ் பிராமணர்களை மலையாளிகள் சுவாமி என்றுதான் கூப்பிடுவார்கள். கிழக்கேகோட்டை அக்ரஹாரத் தெருவில் வீடு. கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர். கோட்டைக்குள் நடக்கிற முகூர்த்தங்களில் முக்கால்வாசிக்கு அவர் கைச் சாம்பார்தான். சர்க்கரை வியாதி, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற தொந்தரவு என்று எல்லாம் இருந்தன. மனைவி விசாலம் கூட வந்திருந்தார்.

சீஃப் வழக்கமான கேள்வியைக் கேட்டார். சுவாமி மனைவியைப் பார்த்தார். விசாலம் புரிந்துகொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

"டாக்டரே, எனக்கு மடி இல்லை" என்றார் சுவாமி.

எனக்கும் புரியவில்லை, சீஃபுக்கும் புரியவில்லை. சுவாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்களவாள்ல தாலி கட்டறச்சே பொண்ணு அப்பன் மடியிலயாக்கும் ஒக்காரணும். எத்தனையோ கல்யாணத்துக்குச் சமைச்சிருக்கேன். கெட்டிமேளம் கேட்டதும் கரண்டியை வச்சுட்டு அடுக்களை வாசல் வரைக்கும் வந்து அதைப் பாத்துட்டுத்தான் எலை போடச் சொல்லுவேன். இப்போ எம் பொண்ணு ஹேமாவுக்கு தை மாசம் முகூர்த்தம் வச்சாச்சு. நான் ஒக்காந்தா வயிறு முழங்கால் முட்டு வரைக்கும் வந்துடறது. அவளை எங்க ஒக்காத்தி வைக்கறது? எந்தம்பி மணி மடியில ஒக்காரட்டும், அது மதி, போறும்னு எல்லாரும் சொல்றா. சாஸ்திரத்துல எடமுண்டாம். அவன் ஒல்லி."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் உதடு கோணிக்கொண்டது. ஒரு பெரிய மனிதர் அழாமல் இருக்கப் பாடுபடுவதைப் பார்ப்பது கஷ்டம். நான் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்குவது போல் அடுக்கினேன்.

சீஃப் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். "ஸ்வாமி, இந்த ஆபரேஷன் உங்க சுகருக்கும் மூச்சுக்கும்தான். அதில சந்தேகம் வேண்டா. ஆனா மடியும் கிடைக்கும். நான் சொல்றதெல்லாம் கேக்கணும்."

ஆபரேஷனை ஆடி மாதத்தில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழி வரை காத்தால் தைக்கு நேரம் போதாது, அதனால் சமையல்காரருக்குத் தோதான விடுமுறை அதுதான்.

ஆபரேஷன் என்றால் என்ன என்று சுவாமிக்கு நான்தான் விளக்கினேன். இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, நேந்திரம்பழம் போல ஒரு குழாயாக மிச்சம் வைப்பார்கள். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டுத்தான் வேலை. ஆனால் இரைப்பைக்கு மேலே ஈரல் கவிந்து கிடக்கும். அதைத் தூக்கிப் பிடித்தால்தான் கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியும். கொழுப்பேறிய ஈரல் தூக்க வராது. முரட்டுத்தனமாகத் தூக்கினால் ரத்தம் கசியும். அதனால் ஆபரேஷனுக்கு முந்திய வாரங்களில் திட ஆகாரம் கூடாது. மோர், காய்கறி சூப், கொழுப்பெடுத்த பாலில் கரைத்த புரதப் பொடி, அவ்வளவுதான். இனிப்பு அறவே கூடாது. ஈரல் சுருங்கும். கூடவே தினமும் நடக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்து உள்ளே இருக்கிற பந்துகளை மேலே தூக்கிப் பழக வேண்டும்.

"சாமி, அடுப்பு முன்னாடி நின்னு ருசி பாத்துப் பாத்துத்தான் உடம்பு ஏறியிருக்கும், இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டேள்! எலையில விழாத பதார்த்தத்தை வாயில வைப்பமோ? அது எச்சில் இல்லியோ? நான் வாசனை பிடிச்சே உப்பு சொல்லுவேன்."

அவர் சாப்பிட்டதெல்லாம் பந்தி முடிந்த பிறகுதான். விடியலில் இருந்து பட்டினி, பிற்பகலில் நின்றுகொண்டே நான்கு பேர் சாப்பாடு. அதை மாற்ற அவர் ஒப்புக்கொண்டார். ஆடி பிறந்ததும் சூப்பும் மோரும் தொடங்கியது. அவ்வப்போது போன் செய்து கேட்டேன். "சத்தியமா ஒரு பருக்கை தொடலை மேடம்" என்றார். விசாலமும் அதையே சொன்னார். அக்ரஹாரத்து மனிதர் விரதம் இருக்கத் தெரிந்தவர், இவரைப் பற்றிக் கவலையில்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் அட்மிட் ஆனார். கதவுள்ள அறையில் எடை பார்த்தேன். எண்ணைப் பார்த்ததும் மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்து, நானே ஏறி நின்று சோதித்தேன். மெஷின் என் விஷயத்தில் தாட்சணியம் இல்லாமல் உண்மையைச் சொன்னது. சுவாமிக்கு எடை குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கு ஏறி நின்றது. ஸ்கேனில் ஈரல் சுருங்குவதற்குப் பதில் இன்னும் கொழுகொழுவென்று இருந்தது.

சீஃப் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார். நாளைய ஆபரேஷன் இல்லை என்றார்.

வார்டில் இருந்த இளம் நர்ஸ் பிள்ளைகள் சிரித்தார்கள். கல்யாணச் சமையல்காரர் ரகசியமாக ஜாங்கிரி பிழிந்து தின்றிருப்பார் என்று ஒருத்தி சொன்னாள். சுவாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையை நெஞ்சில் வைத்து, "நான் பொய் சொல்லலை, நான் பொய் சொல்லலை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த ஆடியை விட்டால் ஆவணி முழுக்க அவருக்குக் கல்யாணங்கள். அதன் பிறகு நவராத்திரிச் சமையல். தை மாதம் வந்து நின்றுவிடும், மடி இருக்காது.

சீஃப் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். "கோமதீ, ஸ்வாமி கள்ளம் பறையிற ஆள் இல்ல. போய் இருந்து சம்சாரிக்கு. எனக்கு உத்தரம் வேணும்." அவர் பொய் சொல்கிறவர் இல்லை, போய் உட்கார்ந்து பேசிப் பதிலோடு வா என்று அர்த்தம்.

நான் சுவாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சாமி, நேத்து காலையில எந்திரிச்சீங்க. அப்புறம் என்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"எந்திரிச்சேன். பல் தேச்சுக் குளிச்சேன். சந்தியாவந்தனம் பண்ணினேன். அப்புறம் கோவிலுக்குப் போனேன்."

"எந்தக் கோவிலுக்கு?"

"மொதல்ல தெருமுனைப் பிள்ளையார். ஆபரேஷன் நன்னா நடக்கணும்னு ஆடி ஒண்ணாந் தேதியில இருந்து அங்க நம்ம பேர்ல கணபதி ஹோமம் நடக்கறது, கேட்டேளா. அப்புறம் அம்மன் கோவில்ல கடும்பாயசம் வழிபாடு. சாயங்காலம் கிருஷ்ணன் கோவில்ல பால்பாயசம். எல்லாம் விசாலம் நேந்துண்டது."

"பிரசாதம் தருவாங்களே, அதை என்ன செய்வீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன செய்வா? கண்ணுல ஒத்திண்டு வாயில போட்டுப்போம். நம்ம பேர்ல பண்ணின வழிபாடாச்சே. மிச்சம் வைக்கப்படாது."

"எவ்வளவு இருக்கும்?"

அவர் இரண்டு கைகளையும் சேர்த்துக் காட்டினார். மூன்று கோவிலுக்கும் மூன்று தடவை காட்டினார். ஹோமப் பிரசாதம் என்பது அவலும் வெல்லமும் தேங்காயும் நெய்யும். கடும்பாயசத்தைச் சொல்லவே வேண்டாம், கரண்டி நட்டால் சாயாமல் நிற்கும்.

"சாமி! அது அத்தனையும் இனிப்பும் நெய்யும் இல்லையா?"

"மேடம், அது பிரசாதம்!" என்றார் சுவாமி. அவர் குரலில் இருந்தது உண்மையான திகைப்பு. "பிரசாதத்தை ஆகாரம்னு ஆராவது சொல்லுவாளோ?"

நான் விசாலத்தைப் பார்த்தேன். அவரும் அதே திகைப்போடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் நன்றாக நடக்க வேண்டும் என்று செய்த வழிபாடே ஆபரேஷனை நிறுத்திவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு சீஃபிடம் போய்ச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஆனால் சுவாமியின் கட்டிலுக்கு வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஸ்வாமி, வழிபாடு நிறுத்த வேண்டா" என்றார்.

"நிறுத்தவும் கூடாது டாக்டரே, சங்கல்பம் பண்ணியாச்சு. பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லவும் எனக்கு வாய் வராது."

"வேண்டாம்னு சொல்ல வேண்டா. வாங்கணும், கண்ணில ஒத்தணும். பின்னே வேற ஒருத்தருக்குக் கொடுத்தா தோஷமுண்டோ?"

சுவாமி யோசித்தார். "தோஷமில்லை. கொடுத்தா புண்ணியமாக்கும்."

"அப்போ தினமும் இவிடே கொண்டு வரணும். எல்லாம் நாங்க சாப்பிடும். ரெண்டு வாரம். ஈரல் சுருங்கினா ஆடி முடியறதுக்குள்ள நான் ஆபரேஷன் செய்யும்."

ஒரு சொட்டுத் தீர்த்தமும் நெற்றிக்குச் சந்தனமும் பூவும் சுவாமிக்கு. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு. இப்படி ஒப்பந்தமாயிற்று. கோட்டையில் இருந்து பஸ் பிடித்து, மழையில் குடையோடும் தூக்குவாளியோடும் விசாலம் தினமும் வந்தார். சில நாள் சுவாமியே நடை கணக்கில் சேரும் என்று பாதித் தூரம் நடந்து வந்தார். வாழையிலைக் கீற்றைப் பிரித்தால் தாழ்வாரம் முழுக்க நெய் வாசனை அடிக்கும். செக்யூரிட்டி, நர்ஸ்கள், லிஃப்ட் இயக்குகிறவர், ஸ்கேன் எடுக்கிற பெண் எல்லோரும் கூடிவிடுவார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற சீஃப், கணபதி ஹோமத்து அவலை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள். சுவாமி இளைக்க இளைக்க நாங்கள் பெருத்தோம். கதவுள்ள அறைக்குள் நான் தனியாகப் போய் மெஷினில் ஏறி, அதோடு ஒருநாள் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஸ்கேனில் ஈரல் அடங்கியிருந்தது. ஆடியின் கடைசி நாட்களில் ஒரு காலை ஆபரேஷன் நடந்தது. சீஃப் வெளியே வந்து தொப்பியைக் கழற்றி, "ஈரல் நல்ல மரியாதைக்காரன். தூக்கினதும் எழுந்து நின்னான்" என்றார். விசாலம் அவர் காலில் விழப் போனார். அவர் இரண்டடி தள்ளி ஓடிவிட்டார்.

ஆபரேஷனைவிட அதற்குப் பிறகுதான் எங்கள் வேலை அதிகம். அன்று சாயங்காலமே கட்டிலில் இருந்து இறக்கித் தாழ்வாரத்தில் நடக்கவிட்டோம். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், நெஞ்சில் சளி கட்டும். மறுநாள் மருந்து ஊற்றுகிற சின்னக் கப்பில் தண்ணீர் கொடுத்தேன். அதை ஒரே மடக்கில் குடிக்கக் கூடாது. உதட்டை நனைத்து, நிறுத்தி, மறுபடி நனைத்து, நேரமெடுத்து முடிக்க வேண்டும். அண்ணாந்து செம்புத் தண்ணீரை மடமடவென்று ஊற்றிப் பழகிய மனிதர் அந்தக் கப்பைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"மேடம், எங்க கோவில்ல தீர்த்தம் குடுக்கறது இதைவிட ஜாஸ்தி" என்றார்.

"தீர்த்தம்னே நெனச்சுக் குடிங்க. ஆனா இதையும் ஆகாரக் கணக்குல சேக்கணும், சொல்லிட்டேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தையல் வலித்தது, இருந்தாலும் சிரித்தார்.

வீட்டுக்குப் போன பிறகு தெளிந்த பருப்புத் தண்ணீர், மோர், புரதப் பொடி. அப்புறம் குழைத்த ஆகாரம். அதன் பிறகுதான் மெல்லுகிற சாப்பாடு. மென்று மென்று கூழாக்கி விழுங்க வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும். இதையெல்லாம் சுவாமி ஒழுங்காகச் செய்தார். எடையும் இறங்கியது. ஆவணி கல்யாணங்களை அவருடைய ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்திருந்த நேரத்தில் ஒருநாள் போன் வந்தது.

"மேடம், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேனோ?" என்றார் சுவாமி. குரல் உள்ளே போயிருந்தது.

ஒரு கல்யாண அடுக்களையைச் சும்மா எட்டிப் பார்க்கப் போயிருக்கிறார். வெங்காயமில்லாத சாம்பார் கொதிக்கிற வாசனை, நெய்யில் முந்திரி வறுக்கிற வாசனை எல்லாம் குமட்டியிருக்கிறது. வெளியே ஓடி வந்து வாந்தி எடுத்திருக்கிறார். வாசனை பிடித்தே உப்பு சொல்லுகிற மனிதர்.

"பசியும் இல்லை மேடம். காலம்பறத்துல இருந்து பட்டினியா நின்னு சமைப்பேன். என் வயிறு கூப்பிடறச்சே பந்திக்கு நேரமாச்சுன்னு தெரியும். இப்போ வயிறு வாயே தொறக்கலை. பசி இல்லாதவன் சமைக்கலாமோ? மடி வாங்கப் போயி கையை விட்டுட்டேனா?"

பசியைத் தூண்டுகிற சுரப்பு பெரும்பாலும் வெட்டி எடுத்த பகுதியில் இருந்துதான் வரும், அதனால் பசி அடங்கும் என்று பாடம் எனக்குத் தெரியும். அதை அவரிடம் முன்னமே சொல்லியும் இருந்தேன். ஆனால் இந்த மனிதருக்குப் பசி என்பது அடுக்களையில் தொங்குகிற கடிகாரம் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

"சாமி, வாசனை குமட்டறது கொஞ்ச மாசத்துல போயிரும். நான் பாத்த நெறயப் பேருக்குப் போயிருக்கு. பசியும் வரும், பழைய மாதிரி கத்தாது, மெதுவாத்தான் கூப்பிடும். அதுவரைக்கும் நின்னு பாருங்க. கை எங்கயும் போகாது" என்றேன். "நாளைக்கு விசாலம்மாவையும் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க."

வந்தார். சீஃப் அவரைப் பரிசோதித்துவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். சீஃப் மேசைமேல் இருந்த தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, அவர் தொடைமேல் வைத்தார். புத்தகம் சரியாமல் நின்றது. சுவாமி குனிந்து அதைப் பார்த்தார். விஷு முடிந்து வந்தபோது அந்த இடத்தில் வயிறு இருந்தது.

"இப்போ ஒரு புஸ்தகத்துக்கு எடமுண்டு. தை மாசத்துக்கு இனியும் சமயமுண்டு" என்றார் சீஃப்.

சுவாமி புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கார்த்திகை வாக்கில் மறுபடி போன் வந்தது. விசாலம் வீட்டில் எலுமிச்சை ரசம் வைத்தபோது இவர் கூடத்தில் இருந்தே, "உப்பு ஒரு கல்லு கொறச்சல்" என்று குரல் கொடுத்தாராம். விசாலம் கரண்டியோடு வெளியே வந்து அழுதாராம். அன்று எனக்கு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. வார்டில் எல்லோரிடமும் சொன்னேன், சம்பந்தமில்லாத எலும்பு டாக்டரிடமும் சொன்னேன்.

தை மாதம் முகூர்த்தத்துக்கு எங்கள் பிரிவு முழுக்கப் போனோம். கோட்டைக்குள் ஒரு கல்யாண மண்டபம். சீஃப் சரிகைக் கரை போட்ட கசவு வேட்டி கட்டி வந்திருந்தார். சமையல் சுவாமியின் ஆட்கள்தான். விடியலில் மட்டும் இவர் ஒரு சுற்று அடுக்களைக்குப் போய் எல்லாப் பாத்திரத்தின் மேலும் மூக்கை நீட்டிவிட்டு வந்தாராம். சட்டையில்லாத உடம்பில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. இன்னும் எடை குறைய வேண்டியிருந்தது. தலைமுடி கொஞ்சம் கொட்டியிருந்தது. ஆனால் மேடைப் படியை அவர் யார் கையையும் பிடிக்காமல் ஏறினார்.

மேடையில் நெல் மூட்டை ஒன்றைப் போட்டு அதன்மேல் அவரை உட்கார வைத்தார்கள். தம்பி மணி பக்கத்தில் விசிறியோடு நின்றார். மடிசாரில் ஹேமா வந்தாள். அவளும் கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கிற பெண்தான். அப்பாவுக்கு மடியில் உட்கார வைக்க இவ்வளவு ஆசை என்று அவளுக்கு முந்தின நாள் வரை தெரியாது. விசாலம்தான் அன்று காலை சொல்லியிருக்கிறார். அவள் கண் சிவந்திருந்தது.

வாத்தியார் கையைக் காட்டினார். ஹேமா திரும்பி அப்பாவின் மடியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்ல முடியாது. கால் இரண்டையும் தரையில் ஊன்றி, பாரத்தைத் தன் முழங்காலிலேயே தாங்கிக்கொண்டு, பட்டும் படாமலும் இருந்தாள். ஆபரேஷன் ஆன வயிறு, வலிக்கப் போகிறது என்று பயம். நான் முதல் வரிசையில் இருந்தேன். அவள் தொடை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. சுவாமிக்கும் தெரிந்திருக்கிறது.

நாதஸ்வரக்காரர்கள் கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்கிக் காத்திருந்தார்கள். அந்த ஒரு நிமிஷ அமைதியில் சுவாமி மகளின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். மைக் இல்லாமலே முதல் வரிசைக்குக் கேட்டது.

"நன்னா ஒக்காருடி கொழந்தே. எடம் நெறய இருக்கு."